கோஸுக்குப் போட்ட அம்பாரம்

போன வாரம் ஆரணியிலிருந்து ஒரு கடிதம். பத்திரிகை ஆபீஸுக்கு வந்ததை எனக்கு அனுப்பி வைத்திருந்தார்கள். கோடு போட்ட நோட்டுத் தாள், குண்டு குண்டான எழுத்து.

‘அம்மா, ஐப்பசியில் நீங்கள் எழுதியபடியே எட்டு முட்டைக்கோஸை உப்பில் புதைத்து, ஓலை போட்டு மூடி வைத்திருக்கிறேன். பொங்கல் வரை திறக்கக் கூடாது என்று எழுதியிருந்தீர்கள். திறக்கவே இல்லை. உங்கள் கோஸ் எப்படி இருக்கிறது?’

என் கோஸ் எப்படி இருக்கிறது...

படித்து முடித்ததும் கடிதத்தை அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். வீட்டில் இருப்பது நான் ஒருத்தி. யாரிடமிருந்து ஒளித்தேன்?

எனக்கு நேரில் பேச வராது. இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு அது தெரியும். பஸ்ஸில் கண்டக்டர் என் ஸ்டாப்பைத் தாண்டிப் போனாலும் வாயைத் திறக்காமல் அடுத்த ஸ்டாப்பில் இறங்கித் திரும்பி நடந்து வருகிற ஆள் நான். எழுதுவதென்றால் வரும். எதிரில் முகம் இல்லை பாருங்கள்! படித்தது அஞ்சாவது. எழுத்துப் பிழைகளை ஆபீஸில் திருத்திவிடுகிறார்கள்.

இந்த வாரம் சொல்லப் போகிற பிழையை அவர்களால் திருத்த முடியாது.

ஐப்பசிக் கடைசியிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

பெருமுக்கல் பக்கத்தில் என் தங்கை மகன் முருகன் விவசாயம் பார்க்கிறான். இந்த வருஷம் புதுசாகக் கொஞ்சம் நிலத்தில் கோஸ் போட்டான். ‘இந்த வெயில் ஊர்ல கோசா?’ என்று ஊரே சிரித்தது. ஆனால் வந்துவிட்டது. கைக்கு அடக்கமாக, கெட்டியாக, நல்ல காய். அறுக்கலாம் என்று நினைத்திருந்த வாரத்தில் டிவியில் புயல் என்றார்கள். பயந்துபோய் ஒரே நாளில் எல்லாவற்றையும் வேரோடு பிடுங்கிவிட்டான். அதில் ஒரு மூட்டையைப் பைக்கில் கட்டிக்கொண்டு வந்து என் வாசலில் இறக்கினான்.

“பெரிம்மா, வெச்சுக்கோ. மழைக்காலம் முழுக்க நீ காய்க்கு அலைய வேணாம்.”

“இம்மாத்தையும் நான் எங்கடா வெப்பேன்?”

“ஃப்ரிட்ஜுல வை.”

“ஃப்ரிட்ஜு எங்கடா இருக்குது எங்கிட்ட?”

“அப்ப தலைமாட்டுல வெச்சிக்கினு படு” என்று சொல்லிட்டு வண்டியைக் கிளப்பிவிட்டான். அவன் வாய் அவங்க அப்பன் வாய்.

மூட்டையைப் பிரித்து எண்ணினால் பதினாலு. நான் இருப்பது மூன்று போர்ஷன் வரிசை வீடு. முன்னால் வீட்டு ஓனரும் அவர் சம்சாரம் சரோஜாவும். நடுவில் நான். கடைசியில் நூர்ஜஹான், எல்லோருக்கும் நூரு. ஓட்டு வீடு. நடுச்சுவர்கள் ஓடு வரைக்கும் ஏறாது, மேலே திறப்புதான். ஒரு வீட்டில் தாளித்தால் மூன்று வீட்டில் தும்மல் கேட்கும்.

முன் வீட்டுக்கு ஒரு கோஸ், கடைசி வீட்டுக்கு ஒரு கோஸ் கொடுத்தேன். மீதி பன்னிரண்டு.

மழைக்காலத்தில் எங்கள் மரக்காணத்தில் நல்ல காய் கிடைப்பது கஷ்டம். வந்தாலும் வாடி வதங்கித்தான் வரும். இந்தப் பன்னிரண்டையும் பொங்கல் வரை காப்பாற்றிவிட்டால்? யோசித்தேன். எனக்கு என்ன தெரியும்? உப்பு தெரியும்.

நாற்பது வருஷம் உப்பளத்தில் வேலை செய்தவள் நான். பாத்தியில் வாரின உப்பை மேட்டில் கொண்டுபோய்க் குவிப்போம். அந்தக் குவியலுக்கு அம்பாரம் என்று பேர். மழை வருவதற்கு முன்னால் அம்பாரத்தின் மேல் ஓலையும் தார்ப்பாயும் போட்டு இறுக்கி மூடிவிட வேண்டும். மூடின அம்பாரத்தை மழை விடுகிற வரை பிரிக்கக் கூடாது. பிரித்தால் ஈரக் காற்று புகுந்து ஓதம் ஏறிவிடும். உப்பு கரைந்து தண்ணீராகப் போகும். எவ்வளவு மழை பெய்தாலும் ‘தொறந்து பாக்காதே’ என்பதுதான் அங்கே முதல் பாடம். பள்ளிக்கூடத்துப் பாடமெல்லாம் மறந்துபோச்சு. இது மறக்கவில்லை.

உப்பில் போட்ட மீன் கெடுகிறதா? மாங்காய் கெடுகிறதா? நார்த்தங்காய்? அப்புறம் கோஸ் மட்டும் ஏன் கெடப் போகிறது?

உள் அறை மூலையில் ஓலை விரித்தேன். தெரிந்த அளத்திலிருந்து இரண்டு மூட்டைக் கல் உப்பு வரவழைத்தேன். உப்பு ஒரு வரிசை, கோஸ் ஒரு வரிசை, மறுபடி உப்பு. மேலே கூம்பாகத் தட்டி, கீற்று வைத்து, தார்ப்பாய் போட்டு, சுற்றிலும் செங்கல் வைத்து அழுத்தினேன். அம்பாரமேதான்! நின்று பார்த்தபோது எனக்கே ஒரு பெருமிதம்.

சரோஜா எட்டிப் பார்த்துவிட்டு, “ஏங்க, இங்க வந்து பாருங்க. அக்கா வூட்டுக்குள்ள அளம் போட்டுட்டாங்க” என்று சிரித்தாள்.

எழுதுகிற கை சும்மா இருக்குமா? அந்த வாரமே இதே பக்கத்தில் எழுதிவிட்டேன். உப்பில் வைத்தது கெட்டதாக நான் பார்த்ததில்லை என்று. பொங்கலன்று திறப்போம் என்று. ‘தொறந்து பாக்காதே’ பாடத்தையும் சேர்த்து. என் எழுத்தைப் படிக்கிற முதல் ஆள் நூரு. வியாழக்கிழமை புத்தகம் வந்ததும் வாங்கிக்கொண்டு போய், வெள்ளிக்கிழமை திருப்பித் தருவாள். அந்த வாரம் திருப்பித் தரும்போது கேட்டாள்.

“அக்கா, கோசுக்கு அம்பாரமா? அதுக்கு மூச்சு முட்டாதா?”

“மீனுக்கு முட்டுதா?” என்றேன்.

“மீனை நறுக்கி, குடலை எடுத்து, உப்புல போட்டு, அப்புறம் வெயில்லயும் காத்துலயும் இல்ல போடுறோம்? மூடியா வெக்கிறோம்?”

சிரித்து மழுப்பினேன். கருவாட்டுக்காரிக்குக் கோஸைப் பற்றி என்ன தெரியும் என்று மனசுக்குள் ஒரு நினைப்பு. அதையும் ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

நூரு கூனிமேட்டுக்காரி. புருஷன் போய் ஆறு வருஷம். கருவாடு வாங்கி, காயவைத்து, ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்கிறாள். நெத்திலி, வாளை, சென்னாக்கூனி. போட் கடலுக்குப் போகாத மழை மாசங்களில்தான் கருவாட்டுக்குக் கிராக்கி. அதற்காகவே புரட்டாசியில் சேர்த்துவைத்து, பனை ஓலைக் கூடைகளில் கட்டி, அவள் உள் அறையில் கொக்கி போட்டுத் தொங்கவிட்டிருப்பாள். அவளுக்கு அதுதான் மழைக்காலம் முழுக்கச் சோறு. என் உள் அறைக்கும் அவள் உள் அறைக்கும் நடுவில் ஒரு சுவர்தான்.

கார்த்திகை பிறந்தது. வீட்டு ஓனர் மாலை போட்டார். மாலை போட்டால் நாங்கள் எல்லோரும் அவரைச் ‘சாமி’ என்றுதான் கூப்பிடுவோம். நூருவும் அப்படித்தான். நாலு வருஷமாக அவர் மாலை போடுகிறார். நாலு வருஷமாக நூருவின் கூடைகள் அங்கேதான் தொங்குகின்றன. ஒருத்தர் மூக்கும் சுருங்கியதில்லை.

இந்த வருஷம் சுருங்கியது.

முதலில் லேசாக. ஏதோ எலி செத்திருக்கிறது என்றார்கள். அப்புறம் சாக்கடை என்றார்கள். அப்புறம் எதுவுமே சொல்ல முடியாத ஒரு நாற்றம்... வாயைத் திறந்தால் நாக்கில் வந்து உட்காருகிற மாதிரி. மழை விடாமல் பெய்தது. ஜன்னல் திறக்க முடியாது. நடுச்சுவருக்கு மேலே மூன்று வீட்டுக் காற்றும் ஒன்றுதானே? எங்கிருந்து வருகிறது என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

என் அம்பாரத்தின் அடியிலிருந்து கொஞ்சம் தண்ணீர் கசிந்தது. துணி வைத்துத் துடைத்தேன். உப்பு என்றால் மழையில் கசியும், அதில் என்ன அதிசயம்? பிரித்துப் பார்க்க வேண்டும் என்று ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை. மூடினதைத் திறக்கக் கூடாதே!

ஒரு காலையில் குழாயடியில் சரோஜா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு நின்றாள்.

“அக்கா, குடலைப் புரட்டுது. வூட்ல சாமி மாலை போட்டுக்கினு இருக்குறாரு. பூஜைக்கு உக்கார முடியல. எங்கேர்ந்துதான் வருது இந்த நாத்தம்?”

நான் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டே சொன்னேன்.

“பக்கத்துல.”

அவ்வளவுதான். ஒரு வார்த்தை. கூடவே மோவாய், நூரு வீட்டுப் பக்கம் ஒரு விரற்கடை திரும்பியது.

அப்படித்தான் உண்மையிலேயே நினைத்தேனா? நினைத்தேன். அதற்கு எவ்வளவு நேரம் யோசித்தேன்? யோசிக்கவே இல்லை. அங்கேதான் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவள் வேறு ஊர். வேறு சாமி. கருவாடு விற்கிறவள். நாற்றம் என்றதும் மனசு நேராக அங்கே போய் நின்றுவிட்டது... வழி கேட்கக்கூட இல்லை.

மூக்கு நம் முகத்தில்தான் இருக்கிறது. ஆனால் அது எப்போதும் அடுத்த வீட்டைப் பார்த்தே இருக்கிறது — கவனித்திருக்கிறீர்களா?

இன்னொன்று. வாயாடி ஒருத்தி சொல்லியிருந்தால் சரோஜா காதில் போட்டுக்கொண்டிருக்க மாட்டாள். வருஷம் முழுக்கப் பேசாத நான் ஒரு வார்த்தை சொன்னால் அதற்கு எடை அதிகம். எனக்கு அது தெரியாமல் போச்சு.

அன்று மதியமே ஓனர் நூரு வீட்டு வாசலில் நின்றார். மேலே திறந்த சுவர். எனக்கு எல்லாம் கேட்டது.

“நூரம்மா, தப்பா எடுத்துக்காத. அந்தக் கூடையெல்லாம் கொஞ்ச நாளைக்கு வேற எங்கனா வெச்சிக்கோ.”

“சாமி, நல்லாக் காஞ்ச கருவாடு இப்படி நாறாது சாமி. வேணும்னா உள்ள வந்து மோந்து பாருங்க.”

“மாலை போட்டுக்கினு நான் கருவாட்ட மோந்து பாக்குறதா?”

“இல்ல சாமி... வாசனை வேற, நாத்தம் வேற. இது என் கூடையில இருந்து வரல.”

“பக்கத்துல இருக்குறவங்களே சொல்றாங்கம்மா. அந்தக்கா யாரப் பத்தியும் ஒரு வார்த்த பேசாது. அதுவே சொல்லுதுன்னா?”



நான் என்ன செய்தேன்? என் உள் அறையில், என் அம்பாரத்துக்குப் பக்கத்தில், மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். மூச்சை அடக்கினது பயத்தில்... நாற்றத்துக்கும்தான்.

சாயங்காலம் ஆட்டோ வந்தது. நூரு ஒவ்வொரு கூடையாகத் தூக்கிக்கொண்டுபோய் ஏற்றினாள். கூனிமேட்டில் ரோட்டோரம் அவள் தம்பிக்கு ஒரு தகரக் கொட்டகை. வாசலில் நின்ற என்னைப் பார்த்து, “வரேன் அக்கா” என்றாள். வழக்கமாகச் சொல்வது மாதிரியே. நான் தலையை ஆட்டினேன்.

அந்த வாரம் ஒரு புயல் கரை ஏறியது. எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, நாலு ஓடு போனது. கொட்டகைக்கு மேல்தகரமே போனது. ஒரு ராத்திரி முழுக்க மழை கூடைகளுக்குள் இறங்கியது. மூன்றாம் நாள் நூரு திரும்பி வந்து என் வாசற்படியில் உட்கார்ந்தாள்.

“எல்லாத்துலயும் புழு வெச்சிடுச்சு அக்கா. கொண்டுபோய் தென்னைக்கு அடியில கொட்டிட்டு வந்துட்டேன்.”

டீ போட்டுக் கொடுத்தேன். ‘ச்சு... ச்சு...’ என்றேன். அப்போதும் எனக்கு உண்மை தெரியாது. பாவம் என்று மனசார நினைத்தேன். பழியைப் போட்ட வாயாலேயே பாவம் என்றும் சொல்ல முடிகிறது பாருங்கள்.

கூடை போய்விட்டது. நாற்றம் போகவில்லை. “சுவத்துல ஊறியிருக்கும்” என்று சரோஜா ஃபினாயில் ஊற்றிக் கழுவினாள். நூருவும் அவள் அறையைக் கழுவினாள். நானும் கழுவினேன் — அம்பாரத்தைத் தொடாமல்.

மார்கழி பிறந்து முதல் வாரம். ஓனர் மலைக்குக் கிளம்பினார். இருமுடி கட்ட எல்லோரும் கோயிலுக்குப் போயிருந்தார்கள். நூரு யாவாரத்துக்குப் போக ஒன்றுமில்லாமல், உறவுக்காரர் கடையில் வெங்காயம் உரிக்கப் போயிருந்தாள். நான் உள் அறையைப் பெருக்கினேன். தார்ப்பாய்க்கு அடியிலிருந்து வந்த தண்ணீர் அன்று பழுப்பாக இருந்தது. அதில் ஏதோ நெளிந்தது.

செங்கல்லை எடுத்தேன். தார்ப்பாயை விலக்கினேன்.

எழுதக் கூடாது, சாப்பிடுகிற நேரத்தில் யாராவது படிப்பீர்கள். ஒரு வரி மட்டும். பன்னிரண்டு கோஸில் ஒன்றுகூடக் கோஸாக இல்லை.

முருகன் மழைக்குப் பயந்து பிடுங்கிய காய். இலைக்கு இலை ஈரம் இருந்திருக்கிறது. நான் அப்படியே உப்பில் போட்டேன். உப்பு ஈரத்தை இழுத்தது, இழுத்த ஈரம் வெளியே போக வழியில்லாமல் அங்கேயே தேங்கியது. மேலே கீற்று, அதற்கு மேல் தார்ப்பாய். வேக வைத்த மாதிரி அழுகிவிட்டது. உப்பைக் காப்பாற்றுகிற வழியில் கோஸைக் காப்பாற்றப் பார்த்திருக்கிறேன். உப்புக்கு மூச்சு வேண்டாம். காய்க்கு வேண்டும்.

நூரு கேட்டது காதில் விழுந்தது. ‘அதுக்கு மூச்சு முட்டாதா?’

உட்கார்ந்து அழுதேனா? இல்லை. நான் செய்தது வேறு. கதவைத் தாழ்ப்பாள் போட்டேன். பக்கெட் பக்கெட்டாக அள்ளிப் பின்பக்கம் குழி தோண்டிப் புதைத்தேன். மேலே வாழைச் சருகு போட்டேன். தார்ப்பாயைக் கழுவிக் கொடியில் போட்டேன். எல்லோரும் கோயிலிலிருந்து வருவதற்குள் அறையைக் கழுவி, சாம்பிராணி போட்டு, தலைக்குக் குளித்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். இந்த வயசில் எனக்கு அவ்வளவு வேகம் எங்கிருந்து வந்ததோ!

இரண்டு நாளில் நாற்றம் போன இடம் தெரியவில்லை.

சரோஜா குழாயடியில் மூச்சை நன்றாக இழுத்துவிட்டாள். “அப்பாடா... இப்பத்தான் வூடு வூடா இருக்குது. பாத்தீங்களா அக்கா, கருவாடு போச்சு, அதும் பின்னாலயே நாத்தமும் போச்சு. நீங்க சொன்னது சரிதான்.”

நீங்க சொன்னது சரிதான்!

எழுபது வயசில் எத்தனையோ ஏச்சு வாங்கியிருக்கிறேன். எந்த ஏச்சும் இப்படிச் சுட்டதில்லை. அப்போதாவது வாயைத் திறந்தேனா? குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

மலையிலிருந்து வந்த ஓனர், மாலையைக் கழற்றின மறுநாள் நூருவிடம் சொல்லிவிட்டார். “தை பொறந்தா வேற வூடு பாத்துக்கோம்மா. வருஷா வருஷம் இந்தத் தொல்ல ஆவாது.” அதையும் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன்.

அடுத்த பத்து நாள் நான் வாழ்ந்தது வாழ்க்கை இல்லை. காலையில் எழுந்தால் ‘இன்னைக்குச் சொல்லிடணும்’ என்று நினைப்பேன். பல் தேய்த்துவிட்டுச் சொல்லலாம். காபி குடித்துவிட்டு... அவள் தனியாக இருக்கும்போது... மழை விட்டதும்... வெள்ளிக்கிழமை நூரு புத்தகத்தைத் திருப்பித் தர வந்தாள். “இந்த வாரம் மார்கழிக் கோலத்தப் பத்தி நல்லா எழுதியிருக்கீங்க அக்கா” என்றாள். கோலம்! ஒருத்தி வீடு காலி செய்ய நிற்கிறாள், நான் கோலத்தைப் பற்றி எழுதியிருக்கிறேன்.

அப்போதுதான் ஆரணிக் கடிதம் வந்தது. ‘உங்கள் கோஸ் எப்படி இருக்கிறது?’

அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்தாலும் அந்தக் கேள்வி அங்கே இருக்கவில்லை. அரிசி களையும்போது கேட்டது. விளக்கு ஏற்றும்போது கேட்டது. கடைசியில் கடிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டேன். வாயால் சொல்ல வரவில்லை என்றால் இதையாவது காட்டலாம் என்று. நாலே எட்டு. அடுத்த போர்ஷன். அந்த நாலு எட்டுக்கு நான் இரண்டு தடவை திரும்பி வந்தேன்.

நூரு அடுப்படியில் இருந்தாள். உள் அறைக் கதவு திறந்திருந்தது. கருவாட்டுக் கூடை தொங்கிய கொக்கிகள் வரிசையாக வெறுமனே நின்றன. ஒன்றில் மட்டும் ஏதோ தொங்கியது.

கோஸ். நான் கொடுத்தது. வேர்த்தண்டில் கயிறு கட்டித் தலைகீழாக. மேல் இலைகள் நாலைந்து காய்ந்து காகிதமாகியிருந்தன. நாற்றமா? ஒன்றும் இல்லை.

அப்படியே தரையில் உட்கார்ந்தேன்.

“என்னா அக்கா, உடம்புக்கு என்னா?”

“நூரு... அந்த நாத்தம்...”

“எந்த நாத்தம்?”

“அது... கோசு. என் கோசு. உன்னுது இல்ல. நான்தான் சரோஜாகிட்ட பக்கத்துலன்னு சொன்னேன்.”

இதைச் சொல்லி முடிக்க எனக்கு எவ்வளவு நேரம் ஆனதோ தெரியாது. கடிதம் கையில் கசங்கிப் போயிருந்தது. அவள் அடுப்பைக் குறைத்தாள். திரும்பி என்னைப் பார்த்தாள். கோபம் தெரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“தெரியும் அக்கா.”

“...என்னா தெரியும்?”

“இருபத்தஞ்சு வருஷமா மூக்கை வெச்சுத்தான் அக்கா சோறு தின்னுறேன். எது கருவாட்டு நாத்தம், எது காய் அழுவுற நாத்தம்னு எனக்குத் தெரியாதா? சாமி வந்து நின்ன அன்னைக்கே தெரியும்.”

“அப்ப ஏன் சொல்லல? அவர்கிட்ட சொல்லியிருக்கலாமே...”

“நான் சொன்னா நம்புவாங்களா? கருவாட்டுக்காரி பழிய அந்தக்கா மேல போடுறான்னுதான் சொல்லுவாங்க. உங்களுக்குத் தெரிஞ்சதும் நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்தேன்.” அடுப்பில் இருந்ததை ஒரு தடவை கிளறினாள். “நீங்க குழி தோண்டுன அன்னைக்கு நான் சீக்கிரமே வந்துட்டேன் அக்கா. வெங்காயம் இல்லன்னு அனுப்பிட்டாங்க.”

தரை பிளக்காதா என்று இருந்தது. அவள் பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டுத்தான் வெள்ளிக்கிழமை வந்து, கோலம் நல்லா இருக்கு என்றாள். எனக்குச் சொல்ல ஒரு வாய்ப்புக் கொடுக்கத்தான் வந்திருக்கிறாள். நான் என்ன செய்தேன்? “அப்படியா நூரு?” என்று இளித்தேன்.

அவள் கையைப் பிடித்தேன். “என்ன மன்னிச்சிடும்மா.”

கையை இழுத்துக்கொள்ளவில்லை. ஆனால் மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை.

“எங்கிட்ட சொல்லி என்னா பிரயோஜனம் அக்கா? எனக்குத்தான் முன்னாடியே தெரியுமே. தெரியாதவங்க முன் வூட்ல இருக்காங்க. அங்க சொல்லுங்க.”

மறுபடி எட்டு வைத்தேன். இந்தத் தடவை எட்டு எட்டு. ஓனர் ஈஸி சேரில் உட்கார்ந்து மொபைல் பார்த்துக்கொண்டிருந்தார். சரோஜா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் வாசற்படிக்கு உள்ளே போகவில்லை. நின்றபடியே சொன்னேன். இரண்டாவது தடவை என்பதால் கொஞ்சம் சீக்கிரம் வந்தது.

சரோஜா கையிலிருந்த கீரை கீழே விழுந்தது. “கோசா? கோசா அக்கா அப்படி நாறுச்சு?”

ஓனர் சிரிப்பார் என்று நினைத்தேன். திட்டினாலும் சரி. இரண்டும் இல்லை. மொபைலைத் தரையில் வைத்தார்.

“அந்தப் பொண்ணு உள்ள வந்து மோந்து பாருங்கன்னு சொல்லுச்சு. நான் என் மூக்கை நம்பலக்கா. உங்க வாயை நம்புனேன்.”



அவர் எழுந்து சட்டை போட்டுக்கொண்டு கடைசி வீட்டுக்குப் போனார். நான் போகவில்லை. சுவருக்கு இந்தப் பக்கமும் நிற்கவில்லை — இனிமேல் நிற்பதாக இல்லை. குழாயடியில் போய் உட்கார்ந்துகொண்டேன். அப்படியும் கடைசி இரண்டு வார்த்தை காதில் விழுந்தது.

“இருந்துக்கோம்மா. எதையும் மனசுல வெச்சிக்காத.”

“பாக்கலாம் அண்ணா.”

பாக்கலாம். இருக்கிறேன் என்று அவள் சொல்லவில்லை. எழுதுகிற இந்த நாள் வரை சொல்லவில்லை. கூனிமேட்டில் ஒரு வீடு பார்த்து வைத்திருப்பதாகச் சரோஜா சொல்கிறாள். கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்க உரிமையும் இல்லை.

ஒன்று மட்டும் கேட்டேன். “தை மாசம் நெத்திலி வரும் இல்ல? நான் வந்து கூட உக்காந்து வேல செய்யறேன் நூரு. கழுவுறேன். தலை கிள்ளுறேன். காயப்போடுறேன். என்னா சொன்னாலும் செய்யறேன்.”

என்னை மேலும் கீழும் பார்த்தாள். “செய்ங்க. ஆனா உப்பு போடுற வேல மட்டும் உங்களுக்குக் கிடையாது.”

பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. வந்திருந்தால் அது திருட்டுச் சிரிப்பாக இருந்திருக்கும்.

இந்தப் பத்தியை அனுப்புவதற்கு முன்னால் அவளிடம் படித்துக் காட்டினேன். அவள் வேண்டாம் என்றால் கிழித்துவிடுவது என்று முடிவு. புத்தகம் வந்தபிறகு அவள் முதல் வாசகியாகப் படிக்க, நான் சுவருக்குப் பின்னால் ஒளிந்துகொள்வது... அதையும் செய்துவிடக் கூடாதே. நேரில் படித்தேன். முழுசும் கேட்டாள். ‘மூச்சு முட்டாதா’ வந்த இடத்தில் உம் கொட்டினாள். ‘வேறு சாமி’ வந்த இடத்தில் மட்டும் என் முகத்தைப் பார்த்தாள். அதை எடுத்துவிடவா என்று கேட்டேன். “இருக்கட்டும். உள்ளதுதான” என்றாள். கடைசியில் ஒரே ஒரு திருத்தம் சொன்னாள்.

“புழு வெச்சதுன்னு பொதுவா எழுதியிருக்கீங்க. நெத்திலி ரெண்டு கூடை, வாளை ஒண்ணு, சென்னாக்கூனி ஒண்ணு. தனித்தனியா எழுதுங்க அக்கா. எல்லாம் நான் ஒவ்வொண்ணாத் திருப்பிப் போட்டுக் காய வெச்சது.”

எழுதிவிட்டேன் நூரு.

கோஸை எப்படித்தான் வைப்பது என்று கேட்பவர்களுக்கு, இது அவள் சொன்னது, என் சரக்கு இல்லை. ஈரமான காயை வைக்கக் கூடாது. வேரை வெட்டாமல் தண்டில் கயிறு கட்டித் தலைகீழாகத் தொங்கவிட வேண்டும். ஒன்றை ஒன்று தொடக் கூடாது. காற்று வர வேண்டும். மேல் இலை காய்ந்தால் உரிக்க வேண்டாம், அதுதான் உள்ளே இருப்பதற்குப் போர்வை. தினம் ஒரு தடவை கிட்டப் போய் மோந்து பார்க்க வேண்டும். நம் வீட்டில். நம் மூக்கால்.

கொக்கியில் தொங்கிய அந்த ஒரு கோஸை நேற்று அறுத்தாள். காகித இலையை உரித்தால் உள்ளே வெள்ளை வெளேர் என்று இருந்தது. பாதியைக் கூட்டு வைத்து ஒரு கிண்ணத்தில் எனக்குக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன். சாப்பிட்டேன். உப்பு சரியாக இருந்தது.

ஆரணித் தங்கைக்கு: இன்றைக்கே திறந்து பாருங்கள் — உங்கள் பக்கத்து வீட்டுக்காரி பேர் உங்கள் வாயில் வருவதற்கு முன்னால்.